தேரை நமக்குப் பகையா?



ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு காலை நேரம். இறைவணக்கம் முடிந்து வகுப்புகளுக்குச் சென்றுகொண்டிருந்தோம். குடிநீர்க் குழாயடியில் திடீரென்று ஒரே கூச்சல். ஓடிச் சென்று பார்த்தேன். சிமெண்டுத் தரையில் ஒரு தேரை கிடந்தது. அதன் முதுகின்மேல் கல் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து யாரோ ஒருத்தி கைநிறைய அள்ளி வந்திருக்கிறாள். ஆயாம்மா ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக அதன்மேல் ஊற்றினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. இரண்டு முறை பின்கால்களை நீட்டி மடக்கிய தேரை பிறகு அசையவில்லை.

"ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். பதில்கள் பலவாறு வந்தன. "தொட்டால் மரு வரும் டீச்சர்." "அது கண்ணில் விஷத்தைப் பீய்ச்சும் டீச்சர்." "பார்க்கவே அருவருப்பாக இருந்தது டீச்சர்." கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தணிந்த குரலில் வேறொன்று சொன்னாள். "எங்க தம்பி மேல தேரை விழுந்திடுச்சுன்னு பாட்டி சொல்றாங்க டீச்சர். அதனாலதான் அவன் இளைச்சுக்கிட்டே போறானாம்."

அன்று ஒன்பதாம் வகுப்பிற்கு நான் நடத்த வேண்டிய பாடம் வேறு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இறந்த தேரையைக் கழுவி ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். கத்தி எடுக்கவில்லை, அறுக்கவும் இல்லை. அளவுகோல், உருப்பெருக்கிக் கண்ணாடி, இரண்டு கண்கள் ஆகியவையே எங்கள் கருவிகள். அன்று நாங்கள் கண்டவற்றையும் அதையொட்டிக் கற்றவற்றையும் இக்கட்டுரையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

பெயரும் குடும்பமும்

தவளை, தேரை இரண்டும் இருவாழ்விகள். நீரில் பிறந்து, நிலத்தில் வாழக்கூடிய குளிர் இரத்தப் பிராணிகள். இரண்டுக்கும் இதயத்தில் மூன்று அறைகள் உண்டு. இரண்டுக்கும் விலா எலும்புகள் கிடையாது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில், குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு சட்டெனப் பாயும் மெலிந்த உயிரியையும் சிலர் தேரை என்று சொல்வதுண்டு. அது மரத்தவளை. அதன் விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தட்டுகள் இருக்கும். தோல் வழுவழுப்பாக இருக்கும். குழாயடியில் நாங்கள் கண்டதோ, முதுகெல்லாம் சொரசொரப்பாக இருக்கும் உயிரி. வீட்டில் இதைச் 'சொறித்தவளை' என்போம். பாடநூல்கள் தேரை என்று சொல்வது இதைத்தான். ஒருவர் செய்த தவற்றுக்கு அதே பெயருள்ள இன்னொருவர் வசவு வாங்குவதைப் போல, இந்த இரண்டு உயிர்களும் ஒன்றின் பழியை மற்றொன்று சுமக்கின்றன.

நம் ஊர்த் தேரைக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர். 1799ஆம் ஆண்டில் அவர் இதற்குப் 'புஃபோ மெலனோஸ்டிக்டஸ்' என்று பெயரிட்டார். மெலனோஸ்டிக்டஸ் என்பது 'கரும்புள்ளிகளை உடையது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பல தலைமுறை மாணவர்கள் இப்பெயரையே மனப்பாடம் செய்தார்கள். 2006ஆம் ஆண்டில் விலங்கியலார் இதன் பேரினப் பெயரை 'டட்டாஃப்ரைனஸ்' என மாற்றினர். ஒடிசாவைச் சேர்ந்த இருவாழ்வியல் அறிஞர் சுஷில் குமார் தத்தாவைச் சிறப்பிக்கும் பெயர் அது. நம் வீட்டுக் கொல்லையில் தத்தித் திரியும் உயிர், உலக அறிவியல் ஏட்டில் ஓர் இந்தியரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது!

உருவமும் தலையும்

எங்கள் தேரை மூக்கு நுனி முதல் உடலின் பின்முனை வரை 8.7 செ.மீ. இருந்தது. வளர்ந்த தேரைகள் பலவும் 6 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். சில அதற்கு மேலும் வளரும். பெண் தேரை ஆணைவிடப் பெரியது. உடல் தடித்துக் குறுகியது. கழுத்து என்று தனியே ஒன்று இல்லை. வால் இல்லை. நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. செம்மண்ணில் வாழும் தேரை சற்றுச் செம்மையாகவும், இருண்ட இடத்தில் வாழ்வது கருமையாகவும் தோன்றுவதுண்டு. வயிற்றுப்புறம் வெளிறியது. சிலவற்றுக்கு அங்கே புள்ளிகள் இருக்கும்.

தேரையின் முத்திரை அதன் தலையில் இருக்கிறது. மூக்கிலிருந்து கண்ணின் மேற்புறம் வழியாகக் கண்ணின் பின்புறம் வரை, எலும்பாலான மேடுகள் வரப்புப்போல் எழும்பி நிற்கின்றன. அவற்றின் விளிம்பு கறுப்பு. யாரோ மைக்கோலால் புருவம் தீட்டிவிட்டதைப் போல இருக்கிறது என்றாள் ஒரு மாணவி. சரியான உவமை! மழைக்காலத்தில் நீங்கள் காணும் உயிர் இவ்வகைத் தேரைதானா என்று அறிய இந்தக் கறுப்பு வரம்புகளைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

கண்ணுக்குப் பின்னால் வட்டமான ஒரு தோல் தெரியும். அது செவிப்பறை. தேரைக்கு வெளிச்செவி இல்லை. கண்ணின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத அந்தச் செவிப்பறையே ஒலியை வாங்கி உள்ளே அனுப்புகிறது. கண்மணி படுக்கை வசமாக நீண்டிருக்கும். அதைச் சுற்றிலும் பொன் தூவியது போன்ற நிறம். அருவருப்பு என்று கூவிய அதே பெண், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியை யாரிடமும் கொடுக்கவில்லை.

தோல்: கவசமும் குடமும்

முதுகில் தெரிபவை மருக்கள் அல்ல, தோலின் புடைப்புகள். பெரிதும் சிறிதுமான இப்புடைப்புகளின் நுனியில் கறுப்பான, கடினமான முள்போன்ற முனை இருக்கும். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற பொருளே அம்முனையிலும் இருக்கிறது. ஷ்னைடர் கண்ட 'கரும்புள்ளிகள்' இவையே.

மனிதருக்கு வரும் மருவோ வேறு. அது மனித பாப்பிலோமா என்னும் வைரஸால் உண்டாவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது. தேரையிடம் அந்த வைரஸ் இல்லை. ஆகவே தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதில் உண்மை இல்லை. உருவ ஒற்றுமையைக் கண்டு யாரோ கட்டிய கதை அது.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள தோல் மெல்லியது. இரத்த நாளங்கள் நிறைந்தது. ஈரமான மண்ணில் வயிற்றைப் பதித்து அமர்ந்தால், அத்தோல் வழியாக நீர் உடலுக்குள் செல்லும். பூந்தொட்டியின் அடியிலும் குழாயடியிலும் தண்ணீர்ப் பானையின் பக்கத்திலும் தேரை வந்து அமர்வது இதற்காகத்தான். அது நம்மைத் தேடி வரவில்லை. தாகம் தீர்க்க வருகிறது. மூச்சு விடுவதற்கும் நுரையீரலோடு தோலும் உதவுகிறது.

இப்போது உப்பு என்ன செய்தது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். சவ்வூடு பரவலைப் படித்திருக்கிறீர்கள். ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பிட்டால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்கிறதே, அதே நிகழ்ச்சிதான். நீரை உள்ளே விடும் தோல், உப்பு பட்டதும் உடலின் நீரை வெளியே விடுகிறது. உப்பும் உள்ளே நுழைகிறது. குடமாக இருந்த தோலே அதற்கு எமனாகிவிடுகிறது. நாம் விளையாட்டாகத் தூவுவது அந்த உயிருக்கு வாதை.

தேரை தன் மேல்தோலை அவ்வப்போது உரிக்கும். பாம்பைப் போலச் சட்டையை விட்டுச் செல்லாது; உரிந்த தோலைத் தானே வாய்க்குள் இழுத்து விழுங்கிவிடும். அதிலுள்ள சத்து வீணாவதில்லை.

நஞ்சு உண்டா?

உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. கண்ணுக்குப் பின்னால், தோள்பட்டைக்கு மேல், பக்கத்துக்கு ஒன்றாக அவரை விதை வடிவில் நீண்டு புடைத்திருப்பவை பரோட்டாய்டு சுரப்பிகள். இவற்றை அழுத்தினால் பால்போன்ற ஒரு நீர் கசியும். முதுகுப் புடைப்புகளிலும் சிறு அளவில் இது உண்டு. இதிலுள்ள நச்சுப் பொருள்கள் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்ய வல்லவை. தேரையைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளித் தலையை உதறுவதைச் சிலர் பார்த்திருக்கலாம். தேரையைச் சமைத்து உண்டு இறந்த மனிதரும் உண்டு.

ஆனால் தேரைக்குக் கடிக்கப் பற்கள் இல்லை. கொட்டக் கொடுக்கு இல்லை. நஞ்சைத் தேடி வந்து நம்மேல் செலுத்தும் வழி எதுவும் அதற்கு இல்லை. வாயில் கவ்விய பகைவனுக்கு மட்டுமே அந்நஞ்சு. கையில் எடுத்தால் அது சிந்தும் நீர், சிறுநீர்ப்பையில் வறண்ட நாளுக்கென்று சேர்த்து வைத்த தண்ணீர். அச்சத்தில் அதை விட்டுவிடுகிறது. தேரையைத் தொட நேர்ந்தால் கண்ணையோ வாயையோ தொடாமல் சோப்பினால் கை கழுவினால் போதும். கண்ணில் அந்தப் பால் பட்டால் எரியும். உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும்.

இந்த நஞ்சு ஒரு வகையில் தேரையைக் காத்தது. முன்பு நம் நாட்டிலிருந்து தவளைக்கால்கள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வயல்களில் தவளைகள் குறைந்து பூச்சிகள் பெருகும் என்ற அச்சம் எழ, 1987ஆம் ஆண்டில் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்நாளிலும் தேரையை யாரும் கூடையில் போடவில்லை.

வாய், நாக்கு, கை, கால்

மேல்தாடையில் பற்களுள்ள தவளைகள் பல. தேரைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, பொக்கை வாய்! நம் நாக்கு பின்னால் ஒட்டி முன்னால் விடுபட்டிருக்கிறது. தேரையின் நாக்கு முன்புறம் ஒட்டியிருப்பதால், பசையுள்ள பின்முனையை மடித்து வெளியே வீசிப் பூச்சியை ஒட்டி இழுத்துக்கொள்கிறது. இரையை விழுங்கும்போது கண்களை மூடும். அது சுவைத்து மகிழ்வதற்காக அல்ல. கண்விழிகள் உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிடுகின்றன. கண்ணால் உண்ணும் உயிர் என்று சொன்னாலும் பிழையில்லை.

உயிருள்ள தேரையின் தாடைக்கு அடியில் தோல் இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கும். விலா எலும்பு இல்லாததால் நெஞ்சை விரித்து மூச்சை இழுக்க அதனால் முடியாது. தொண்டையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் துருத்தியைப் போலக் காற்றை உள்ளே தள்ளுகிறது.

முன்கையில் நான்கு விரல்கள், பின்காலில் ஐந்து விரல்கள். முன்கை விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. பின்கால் விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வு உண்டு. தவளையின் பின்கால்கள் நீண்டவை. ஒரே தாவலில் குளத்துக்குள் பாய்ந்துவிடும். தேரையின் கால்கள் குட்டையானவை. தத்தித் தத்தியும் நடந்தும் செல்லும். உள்ளங்காலில் இரண்டு சிறு மேடுகள் இருப்பதைக் கண்டோம். பின்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகவே புதைய அவை துணை செய்கின்றன. கோடையில் கல்லின் அடியிலும் மண் பொந்திலும் தேரை ஒடுங்கிக் கிடப்பது இப்படித்தான். ஓடித் தப்ப முடியாதபோது, உடலில் காற்றை நிரப்பி உப்பிக்கொண்டு நான்கு கால்களையும் ஊன்றி எழும்பி நிற்கும். 'என்னை விழுங்க முடியாது' என்று பாம்பிடம் சொல்வது போன்ற நிலை அது. ஆனாலும் சாரைப் பாம்பும் நல்ல பாம்பும் தேரையைத் தின்பதுண்டு.

ஆணா, பெண்ணா?

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேரையின் தொண்டை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பு கலந்தோ காணப்படும். அங்கே குரல் பை இருக்கும். மழை இரவில் தண்டவாளத்தோரப் பள்ளங்களிலிருந்து 'க்ர்ர்ர்ர்' என்று நீளமாக ஒலிப்பது அக்குரலே. முன்கையின் முதல் இரண்டு விரல்களின் உட்புறத்தில் கறுத்துச் சொரசொரப்பான திட்டுகளும் ஆணுக்கு உண்டு. பெண்ணுக்குக் குரல் பையும் இல்லை, அத்திட்டுகளும் இல்லை.

எங்கள் தட்டிலிருந்த தேரையின் தொண்டை வெளிறியிருந்தது. விரல்களில் கறுப்புத் திட்டு இல்லை. வயிறு அகன்று பருத்திருந்தது. "டீச்சர், இது பெண் தேரைதானே? மழை பெய்ததும் முட்டையிடத்தான் வெளியே வந்திருக்குமோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கலாம் என்றேன். அதன் பிறகு சிறிது நேரம் ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை.

முட்டை முதல் குட்டித் தேரை வரை

தவளையின் முட்டைகள் பெரும்பாலும் கொத்தாக மிதக்கும். தேரையின் முட்டைகளோ பசைபோன்ற நீண்ட இழையில் கருமணிகளாய்க் கோத்திருக்கும். இரட்டைச் சரமாக நீர்ச்செடிகளில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு தாய் ஆயிரக்கணக்கில் இடுவாள். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் வரும். தேரையின் தலைப்பிரட்டை சிறியது, கன்னங்கரேலென்று இருக்கும். பாசியைச் சுரண்டித் தின்னும். இவை கூட்டமாகவே நீந்தும். தம்முடன் பிறந்தவற்றை இவை அடையாளம் கண்டு அவற்றின் பக்கமே நாடிச் செல்கின்றன என்று தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். குட்டையில் கறுப்பாக அலையும் அந்தக் கூட்டம் ஒரு குடும்பமாக இருக்கக்கூடும்!

முதலில் பின்கால்கள் தோன்றும், பிறகு முன்கால்கள். வால் அறுந்து விழுவதில்லை. உடலே அதைக் கரைத்து உணவாக ஏற்றுக்கொள்கிறது. சில வாரங்களில் ஒரு செ.மீ. அளவே உள்ள குட்டித் தேரைகள் கரையேறும். மழைக்குப் பின் தரையெங்கும் கடுகு சிதறியதுபோல் குதிப்பவை அவையே. வானத்திலிருந்து அவை விழவில்லை.

இவை வாழ நீர் வேண்டும். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று நம்மைச் சுற்றி ஏரிகளே ஊர்ப்பெயராக நிற்கின்றன. அவற்றின் உபரி நீர் ஓடைகளின் வழியாகச் சதுப்புநிலம் நோக்கி ஓடியது. அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று வருந்தினோம். நீர் தங்கும் பள்ளங்களை நாம் மூடியதால்தான் தேரையும் வெள்ளமும் ஒருசேர நம் வாசலுக்கு வருகின்றன.

கதையும் உண்மையும்

தேரையைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகள் பல. அவற்றில் சிலவற்றை மட்டும் ஆராய்வோம்.

கல்லுக்குள் தேரை: கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் உணவுண்டு என்பது நம் பெரியோர் வாக்கு. இறைவனின் பராமரிப்பைச் சொல்ல வந்த வாக்கு அது. அதைச் சொல்லுக்குச் சொல் உண்மையா என்று பார்க்க, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் வில்லியம் பக்லண்ட் 1825ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார். கற்களில் குழிகள் வெட்டி, 24 தேரைகளை உள்ளே வைத்து மூடி, தோட்டத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது, கெட்டியான மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் இறந்திருந்தன. நுண்துளைகளுள்ள சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகளில் பல பிழைத்திருந்தன. மீண்டும் மூடி வைத்தபோது அவையும் மாண்டன. தேரை நெடுநாள் பசி தாங்கும். ஆனால் காற்றும் உணவுமின்றி வாழாது. கல்லின் விரிசலில் அது ஒதுங்கியிருந்ததைக் கண்டவர்கள், கல்லுக்குள்ளேயே பிறந்தது என்று எண்ணிவிட்டார்கள்.

தேரையர் கதை: ஒரு மன்னனின் தலைக்குள் தேரை புகுந்துகொண்டு தீராத வலியைத் தந்ததாம். அகத்தியர் தலையைத் திறந்தும் அதை எடுக்க வழி தெரியாது நின்றபோது, சீடர் ஒருவர் பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்ட, தேரை நீருக்குள் குதித்துவிட்டதாம். அச்சீடரே தேரையர் என்னும் சித்தர் என்பது கதை. நம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வழியே போகும்போதெல்லாம் இக்கதை என் நினைவுக்கு வரும். மூளைக்குள் தேரை வாழ முடியாது. ஆயினும் தேரைக்குத் தண்ணீர்மேல் இருக்கும் நாட்டத்தை அக்கதை கட்டியவர் நன்றாகக் கவனித்திருக்கிறார்!

தேரை விழுந்த தேங்காய்: உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் தேரை மேல் பழி போட்டு ஒதுக்குகிறோம். மகரந்தச் சேர்க்கைக் குறைவும் மண்ணில் சத்துக் குறைவுமே அதற்குக் காரணங்கள். மரம் ஏறத் தெரியாத சொறித்தவளை தென்னை உச்சிக்கு எப்படிப் போகும்?

தேரை விழுந்த குழந்தை: இதுதான் மிகவும் வருந்தத்தக்கது. கைகால்கள் சூம்பி, தோல் சுருங்கி, வயிறு மட்டும் தெரியும் குழந்தையைக் கண்டால் 'தேரை விழுந்துவிட்டது' என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். குழந்தைக்கு வந்திருப்பது உணவுக் குறைவால் வரும் நோய். மருத்துவ நூல்கள் இதை மராஸ்மஸ் என்கின்றன. தாய்ப்பாலும் இணை உணவும் போதாமையாலும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்காலும், பிற நோய்களாலும் உடல் இவ்வாறு வற்றுகிறது. காலத்தில் கவனித்தால் தேறிவிடும். கயிற்றை நம்பிக் காத்திருந்தால் குழந்தையையே இழக்க நேரிடும்.

ஆறாம் வகுப்புச் சிறுமியை அன்று மாலையே அழைத்துப் பேசினேன். மறுநாள் தலைமையாசிரியைச் சகோதரியும் நானும் அவள் வீட்டுக்குச் சென்றோம். பாட்டியம்மாள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எம் புள்ளைங்களுக்கெல்லாம் இப்படித்தாம்மா பார்த்தேன்" என்றார். அவரிடம் நாங்கள் வாதாடவில்லை. "கயிறு இருக்கட்டும் அம்மா. டாக்டரிடமும் ஒருமுறை காட்டுவோம்" என்று மட்டும் சகோதரி சொன்னார். அங்கன்வாடிப் பணியாளர் அளவு நாடாவைக் குழந்தையின் மேல்கையில் சுற்றினார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு என்று பொருள். நாடா சிவப்பில் நின்றது. அன்றே அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆண்டு விழாவுக்குப் பாட்டியம்மாள் வந்தபோது அவர் இடுப்பில் இருந்த பையன் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். கயிறு அவன் இடுப்பில் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்!

நன்மையும் இடமும்

எறும்பு, கறையான், வண்டு, கரப்பான் என்று கிடைத்ததையெல்லாம் தேரை தின்னும். தெருவிளக்கின் அடியில் மழை இரவில் அது காத்திருப்பது விளக்குக்கு வரும் பூச்சிகளுக்காகவே. கூலி கேளாத தோட்டக்காரன் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் எந்த உயிரும் தன் இடத்தில் இருந்தால்தான் நன்மை. இதே தேரையினம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பல் சரக்குகளோடு மடகாஸ்கர் தீவுக்குச் சென்று சேர்ந்துவிட்டது. 2014ஆம் ஆண்டில் அங்குள்ள தோமாசினா துறைமுகப் பகுதியில் இது பெருகியிருப்பதைக் கண்டறிந்தனர். இந்நஞ்சுக்குப் பழகாத அத்தீவின் பாம்புகளும் மற்ற உயிர்களும் இதைத் தின்று மடியுமே என்று அறிஞர்கள் கவலைப்படுகிறார்கள். நம் ஊரில் பாம்புக்கு உணவாகவும் பூச்சிக்கு எமனாகவும் அளவோடு வாழும் உயிர், அங்கே பகையாகிவிட்டது. தவறு தேரையுடையதன்று, இடம் மாறக் காரணமான மனிதருடையது.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டுக்குள் தேரை வந்தால் உப்பிடவோ வெந்நீர் ஊற்றவோ வேண்டாம். முறத்தாலோ அட்டையாலோ மெதுவாகத் தள்ளி வெளியே விடுங்கள்.

2. மழை இரவில் வண்டியோட்டும் தந்தையரிடமும் அண்ணன்மாரிடமும், சாலையைக் கடக்கும் தேரைகளுக்காகச் சற்று மெதுவாகச் செல்லும்படி சொல்லுங்கள்.

3. வளர்ப்பு நாயும் கைக்குழந்தையும் தேரையை வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் தெருவில் இளைத்த குழந்தையைக் கண்டால் அங்கன்வாடிக்கோ மருத்துவமனைக்கோ செல்லும்படி அதன் தாயிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. மழை இரவு ஒன்றில் கைவிளக்குடன் பெரியவர் துணையோடு தோட்டத்தைப் பாருங்கள். நீங்கள் கண்டது தேரையா, மரத்தவளையா? எவ்வாறு அறிந்தீர்கள்?

2. தலை மேடு, செவிப்பறை, நச்சுச் சுரப்பி ஆகியவற்றைக் குறித்துப் படம் வரைக.

3. உப்பு தேரையைக் கொல்வது ஏன்? ஊறுகாயோடு ஒப்பிட்டு எழுதுக.

4. தேரையைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்றைக் கேட்டு எழுதி, அதில் கவனித்துச் சொன்னது எது, கற்பனை எது என்று பிரித்துக் காட்டுக.

அந்தத் தேரையை அன்று மாலை ஒன்பதாம் வகுப்பு மாணவியர் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள். உப்பு எடுத்து வந்தவள் யார் என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. ஆனால் அடுத்த மழையில் குழாயடியில் மீண்டும் ஒரு தேரை வந்து அமர்ந்தபோது, ஒரு மாணவி சிறிய பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பழைய நோட்டு அட்டையால் அதை மெதுவாக ஏந்திச் செம்பருத்திச் செடியடியில் விடுவதைப் பார்த்தேன். விட்டுவிட்டுத் திரும்பியவள் என்னைக் கண்டதும் தலை குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து, "ஆண் தேரை டீச்சர். தொண்டை மஞ்சளா இருந்தது" என்றாள்.